பிளம்ஸ் சாஸில் மொறுமொறு கோழி விங்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பிளம்ஸ் வரத் தொடங்கிவிட்டால் என் வீட்டு ஓவனுக்கு ஓய்வே இருக்காது. மே, ஜூன் இரண்டு மாதமும் பிளம்ஸ் சாஸ், அதற்குத் துணையாக ஓவனில் சுட்ட கோழி விங்ஸ். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நாலு நாள் கழித்து போன் வரும். பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்து ஊரான வெலிங்டனில் இருக்கும் தோழி, பேக்கிங் பழக வீட்டுக்கு வரும் பெண்கள், ஊட்டியிலிருந்து என் தங்கை என்று யார் கூப்பிட்டாலும் சந்தேகங்கள் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். அளவுகள் எல்லாம் 1 கிலோ விங்ஸுக்கு.

விங்ஸ்னா கோழியில எது? கடையில என்னன்னு கேட்கணும்?

கோழியின் முழு இறக்கைதான். அதில் மூன்று பாகம் இருக்கும். உடம்போடு ஒட்டிய சதைப்பற்றான துண்டு, பார்க்கக் குட்டி லெக் பீஸ் மாதிரி இருக்கும். நடுத்துண்டு தட்டையானது, இரண்டு மெல்லிய எலும்புக்கு நடுவே சதை. மூன்றாவது நுனி. மூட்டைத் தடவிப் பார்த்து, இடைவெளி இருக்கும் இடத்தில் கத்தியை வைத்தால் சுலபமாக விலகிவிடும். எலும்பின் மேல் வெட்டினால் சில்லு தெறித்து வாயில் குத்தும். நுனியை எறியாதீர்கள், மிளகு தட்டிப் போட்டால் சூப்புக்கு அருமையாக இருக்கும்.

கடையில் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை "தோலோடு". நம் ஊர்க் கடைகளில் கோழியை எடுத்ததும் தோலை ஒரே இழுப்பில் உரித்துவிடுவது வழக்கம். அதனால் முதல் நாளே சொல்லி வையுங்கள். 1 கிலோவுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 இறக்கை வரும், வெட்டினால் 20 முதல் 24 துண்டு. இறக்கையில் பொடி இறகு மிச்சம் இருந்தால் இடுக்கியில் பிடித்து அடுப்பு நெருப்பில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள்.

தோல்னா கொழுப்புதானே, உரிச்சிட்டுப் பண்ணக் கூடாதா?

உரித்தால் இது வேறு பலகாரம். இங்கே மொறுமொறுப்பு முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. மாவு, முட்டை, ரொட்டித்தூள் எதுவும் நாம் போடுவதில்லை. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு உருகி வெளியே வடிய வேண்டும், தோலில் இருக்கும் தண்ணீர் காய்ந்து போக வேண்டும். இரண்டும் நடந்தால் மிஞ்சுவது அப்பளம் மாதிரி ஒரு மெல்லிய ஏடு. உருகின கொழுப்பு தட்டில் தேங்கி நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள், அதைக் கொட்டிவிடத்தான் போகிறோம்.

கொழுப்பே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் தோல் இல்லாத நெஞ்சுக்கறியைச் சுட்டு இதே சாஸைத் தொட்டுக்கொள்ளலாம். ருசிக்கு அதுவும் நன்றாகவே இருக்கும்.

மொத்தமா ஒருதடவை சொல்லிடுங்க, எதுக்கப்புறம் எது?

முதல் நாள் மாலை, விங்ஸைத் துணியால் ஒற்றி ஈரம் போக எடுங்கள். 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டீஸ்பூன் தூள் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள் கலந்து எல்லாத் துண்டுகளிலும் சீராகப் படும்படி பிசறுங்கள். கம்பி வலைமேல் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, கீழே தட்டு வைத்து, ஃபிரிட்ஜில் மூடாமல் ராத்திரி முழுக்க வையுங்கள்.

மறுநாள் ஓவனை 120 டிகிரிக்குச் சூடாக்கி, அதே வலையோடு உள்ளே வைத்து 30 நிமிடம். இது கொழுப்பு உருகுவதற்கான நேரம். பிறகு தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, சூட்டை 220 டிகிரிக்கு ஏற்றி 40 முதல் 45 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பொன்னிறம் தாண்டி லேசான பழுப்பு வரும்போது எடுத்து, 5 நிமிடம் ஆறவிட்டு, சூடான சாஸில் புரட்டி உடனே பரிமாறுங்கள். முறை அவ்வளவுதான். மீதிக் கேள்வி எல்லாம் இதில் எங்கேயாவது ஒரு படியைத் தவிர்க்கலாமா என்பதுதான்.

கேக்குக்குப் போடற பேக்கிங் பவுடரை கறிக்கு எதுக்குப் போடறது?

பேக்கிங் பவுடர் லேசான காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான குணம்) உள்ளது. தோலின் மேல் படும்போது அங்குள்ள புரதம் தளர்ந்து, சீக்கிரம் சிவந்து முறுகும். அது மட்டுமில்லை, தோலின் ஈரத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி விடும். வெந்த விங்ஸை உற்றுப் பார்த்தால் பூரி மேல் வருகிற மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். கடிக்கும்போது நொறுங்குவது அவைதான்.

வாங்கும்போது டப்பாவின் பின்னால் உள்ள எண்களைப் பாருங்கள். 521 அல்லது 541 என்று இருந்தால் அதில் அலுமினிய உப்பு இருக்கிறது. அதுவும் வேலை செய்யும், ஆனால் சிலருக்கு நாக்கில் ஒரு தகரச் சுவை தெரியும். அந்த எண்கள் இல்லாததை வாங்குவது நல்லது.

சோடா உப்புதான் வீட்டுல இருக்கு. அதையே போட்டுட்டா?

வேண்டாம். பேக்கிங் பவுடரில் சமையல் சோடாவோடு ஒரு புளிப்புப் பொருளும் மாவும் சேர்ந்திருக்கும். தனிச் சோடாவின் வேகம் அதைவிட மூன்று, நான்கு மடங்கு. 2 டீஸ்பூன் போட்டால் சோப்பைக் கடித்த மாதிரி இருக்கும், நிறமும் கறுத்துவிடும். பேக்கிங் பவுடர் கிடைக்காத நாளில் வெறும் உப்பு மட்டும் தடவி ராத்திரி காயவைத்துச் சுடுங்கள். முக்கால்வாசி மொறுமொறுப்பு அதிலேயே வந்துவிடும். காயவைப்பதுதான் பெரிய வேலை, பவுடர் அதற்கு ஒத்தாசை.

ராத்திரி முழுக்க மூடாம வைக்கணுமா? ஃபிரிட்ஜ் நாறாதா?

மூடினால் பயனே இல்லை. கோழியிலிருந்து வரும் ஈரம் மூடியில் முத்து முத்தாகக் கோர்த்து மறுபடி தோலிலேயே சொட்டும். ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் காற்று வறண்டது, அதுதான் நம் வேலையைச் செய்கிறது. காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் பழைய தாள் மாதிரி இறுகி, லேசாக உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கும். அப்படி இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

புதுக் கறியாக இருந்தால் நாறாது. ஆனால் பச்சைக் கறி எப்போதும் அடித்தட்டிலேயே இருக்கட்டும், அதன் நீர் தயிரிலோ பழத்திலோ சொட்டக் கூடாது. பாலையும் மாவையும் மூடி வைத்துவிடுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். கோவையில் என் நாத்தனார் விங்ஸைத் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தே சமாளிக்கிறாள். நமக்கு அது நடக்காது. ஜூலையில் குன்னூரில் மூடுபனி இறங்கும் நாளில் கொடியில் போட்ட துணியே மூன்று நாள் காயாது, கோழித்தோல் எங்கே காயும்? நான் முதல் தடவை அப்படியொரு நாளில்தான் செய்தேன். அடுக்களை மேடையில் இரண்டு மணி நேரம் வைத்தும் தோல் பிசுபிசுவென்றே இருந்தது, சுட்டெடுத்தபோது ரப்பராக இழுத்தது. அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் தவிர வேறு வழியே யோசிப்பதில்லை.

மஞ்சள் போட்டு நாலு தண்ணி கழுவாம எப்படிங்க சமைக்கிறது?

வீட்டுக்கு வீடு இதில் பழக்கம் இருக்கிறது, புரிகிறது. பச்சைக் கோழியில் கிருமி இருந்தால் அதைக் கொல்வது சூடுதான், தண்ணீர் இல்லை. குழாய்க்கு அடியில் கழுவும்போது தெறிக்கும் நீர்தான் பக்கத்தில் இருக்கும் காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் கிருமியைக் கொண்டு போகும். கழுவாமல் மனசு கேட்காது என்றால், பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள், தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு துணியால் ஒற்றுவதை இரண்டு தடவை செய்யுங்கள். நீர் நின்றால் முன்னால் சொன்னது எல்லாம் வீண். மஞ்சள் தூளும் குறைவாகவே இருக்கட்டும், 220 டிகிரியில் அது கருகிக் கசக்கும்.

இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் போட்டு ஊறவைக்க வேண்டாமா? சப்புன்னு இருக்காதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தந்தூரியும் சிக்கன் 65-ம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மசாலா ஊறாத கறி என்றால் நம்பிக்கை வராது. ஆனால் தயிரும் விழுதும் ஈரப் பொருள்கள். தோல்மேல் பூசினால் அந்த ஈரம் ஆவியாவதற்கே ஓவனின் பாதி நேரம் போய்விடும். அதற்குள் பூண்டு கருகியிருக்கும், தோல் வெந்து தொய்ந்திருக்கும்.

இறக்கையில் சதை மெல்லியது. ராத்திரி முழுக்க உப்பு இருந்தாலே எலும்பு வரை இறங்கிவிடும். இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாம் சாஸில் இருக்கிறது. கட்டாயம் மசாலா வேண்டும் என்றால் காய்ந்த தூளாகக் கால் டீஸ்பூன் சீரகத்தூளும் அரை டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளும் பேக்கிங் பவுடரோடு கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் பிழியாதீர்கள், அதன் புளிப்பு, பேக்கிங் பவுடரின் காரத்தன்மையை முறித்துவிடும்.

எங்க வீட்டுல ஓவன் இல்லை. ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ், குக்கர் எதுல வரும்?

ஏர் ஃப்ரையரில் நன்றாகவே வரும். 180 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். ஒரே அடுக்காகப் போடுங்கள், குவித்தால் அடியில் இருப்பது அவிந்துவிடும். சூடு மட்டும் தரும் சாதா மைக்ரோவேவில் வராது, அது உள்ளிருக்கும் நீரைத்தான் கொதிக்க வைக்கும். உப்பு பரப்பிய குக்கரில் கேக் வரும், ஆனால் ஆவி சுற்றிச் சுற்றி உள்ளேயே நிற்பதால் தோல் முறுகாது.

அடுப்பு மட்டும்தான் என்றால் ஒரு வழி. இட்லிப் பானையில் விங்ஸை 10 நிமிடம் ஆவியில் வையுங்கள். கொழுப்பின் ஒரு பங்கு அங்கேயே உருகிவிடும். ஒற்றி, உப்பு தடவி, ராத்திரி ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மறுநாள் கனமான தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைவான தீயில், மூடாமல், திருப்பித் திருப்பி 20 முதல் 25 நிமிடம். ஓவனில் வருகிற மாதிரி எல்லாப் பக்கமும் சீராக இருக்காது, ஆனாலும் கடித்தால் சத்தம் கேட்கும்.

220 வெச்சேன், ஒன்றரை மணி நேரம் ஆயும் வெள்ளையாவே இருக்கு. ஏன்?

பெரும்பாலும் ஓவன் 220-ஐத் தொட்டிருக்காது. சின்ன ஓ.டி.ஜி.களில் (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) திருகி எவ்வளவு வைத்தாலும் உள்ளே 20, 30 டிகிரி குறைவாக இருப்பது உண்டு. உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், கேக்குக்கும் உதவும். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிகிறதா என்று பாருங்கள். 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஓவனைச் சின்ன பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பிளக்கிலேயே போடுங்கள். மாலையில் ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் ஓவனும் தளரும். நான் பெரும்பாலும் பகல் 11 மணிக்கே சுட்டுவிடுகிறேன்.

இன்னொரு காரணம், நெரிசல். 1 கிலோவையும் சின்னத் தட்டில் திணித்தால் ஆவி வெளியேற வழி இல்லை. இரண்டு தடவையாகச் சுடுங்கள்.

வீடு முழுக்கப் புகையா வருதே?

தட்டில் தேங்கிய கொழுப்பு காய்ந்து புகைகிறது. 30 நிமிடம் முடிந்ததும் கொட்டச் சொன்னது இதற்காகத்தான். தட்டில் அலுமினியத் தாள் விரித்தால் கழுவுவதும் சுலபம். தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள், புகை நிற்கும், ஆவியில் மொறுமொறுப்பும் போய்விடும்.

சாஸுக்கு எந்த பிளம்ஸ்? என்ன அளவு?

கறுஞ்சிவப்பில் கொஞ்சம் கெட்டியாக, கடித்தால் பல் கூசுகிற பழம்தான் சாஸுக்கு வேண்டும். நன்றாகக் கனிந்ததைச் சாப்பிட்டுவிடுங்கள். கெட்டிப் பழத்தில் பெக்டின் அதிகம், சாஸ் தானே கெட்டிப்படும், சோளமாவு தேவைப்படாது. தோலை உரிக்கவே கூடாது. நிறமும் பாதிப் புளிப்பும் அதில்தான் இருக்கிறது.

அரை கிலோ பிளம்ஸைக் கொட்டை நீக்கி நறுக்குங்கள். 6 காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, 8 பல் மலைப்பூண்டு, 2 அங்குல இஞ்சியோடு அரையுங்கள். ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் அந்த விழுதைப் பச்சை வாசம் போக வதக்கி, பிளம்ஸையும் முக்கால் டீஸ்பூன் உப்பையும் போட்டு மூடி 10 நிமிடம். பழம் குழைந்ததும் 120 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். ஒரு அன்னாசிப்பூ போட்டுத் திறந்தே 10 முதல் 12 நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில் ஒரு டேபிள் ஸ்பூன் வினிகர். அன்னாசிப்பூவை எடுத்துவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. ஏறக்குறைய ஒன்றரைக் கப் வரும், 1 கிலோ விங்ஸுக்கு முக்கால் கப் போதும்.

வெல்லத்தை முதலிலேயே போடாதீர்கள், பழம் குழையத் தாமதமாகும். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைப் போடும் யோசனையும் வேண்டாம், அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

இரும்புச் சட்டியில கிண்டலாமா?

கூடாது. அலுமினியமும் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைத்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். அடிகனமான எவர்சில்வர் அல்லது மண்சட்டி.

தெர்மாமீட்டர் வெச்சு 105 டிகிரி வரைக்கும் கொதிக்க விட்டேன். சாஸ் கம்மர்கட்டா ஆயிடுச்சு. வீடியோல அப்படித்தானே சொன்னாங்க?

வீடியோ எடுத்தவர் கடற்கரை ஊரில் இருந்திருப்பார். 105 டிகிரி என்பது ஜாம் உறையும் சூடு, அதுவும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் ஊரில். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதிக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93. கொடைக்கானலிலும் ஏறக்குறைய 93. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததற்கும் இதுதான் காரணம்.

ஜாம் உறைவது தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் ஏறக்குறைய 5 டிகிரியில். அப்படியானால் நமக்கு ஜாம் 99-லேயே வந்துவிடும். 105 வரை விட்டால் நீர் முழுக்க வற்றிப் பாகு முற்றிவிடும். சாஸ் ஜாமைவிட இளக்கமாக இருக்க வேண்டும், அதனால் குன்னூரில் 96, 97-லேயே இறக்குங்கள். உங்கள் வீட்டு எண் தெரிய, வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டரைப் பாருங்கள், அதோடு 2 அல்லது 3 கூட்டிக்கொள்ளுங்கள். கருவியே வேண்டாம் என்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் போதும். கம்மர்கட்டாக ஆனதை வெந்நீர் விட்டு இளக்கலாம், வீணாக்க வேண்டாம்.

பிளம்ஸ் இல்லாத மாசத்துல என்ன பண்றது?

மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும் சமயத்தில் மார்க்கெட்டில் பிளம்ஸ் குவிந்திருக்கும். அப்போதே 2 கிலோ கூடுதலாக வாங்கி, கொட்டை நீக்கி, ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் சாஸுக்குத் தாங்கும்.

மற்ற பழங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்). வாசனை தூக்கும், புளிப்பும் தாராளம். ஆனால் அதன் சாறு தானாகக் கெட்டிப்படாது. ஒரு பேரிக்காயைத் துருவி அதோடு வேகவைத்தால் கெட்டித்தன்மை கிடைக்கும். பேரிக்காய் மட்டும் என்றால் இனிப்புதான் மிஞ்சும், அப்போது வினிகரை இரட்டிப்பாக்கி இஞ்சியைக் கூட்டுங்கள். மரத்தக்காளியும் அருமை, வெந்நீரில் போட்டுத் தோலை உரித்துவிட வேண்டும், தோல் கசக்கும். பீச் கிடைத்தால் வெல்லத்தைக் குறைத்து, வெள்ளை மிளகு சேர்த்துப் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொதித்தால் அதன் மணம் போய்விடுகிறது, விலையும் அதிகம்.

சாஸை முன்னாடியே தடவி ஓவன்ல வெச்சா நல்லா ஒட்டுமே?

ஒட்டும், கருகியும் போகும். வெல்லமும் பழச்சர்க்கரையும் 220 டிகிரியைத் தாங்காது, தோல் வேகும் முன் சாஸ் கரியாகிவிடும். சாஸில் இருக்கும் நீரும் தோலை நனைத்துவிடும். பளபளப்பு வேண்டும் என்றால், வெந்த விங்ஸைச் சாஸில் புரட்டிய பிறகு 2, 3 நிமிடம் மட்டும் திரும்ப உள்ளே வையுங்கள். அங்கேயே நின்று பாருங்கள், கண் எடுக்காதீர்கள்.

சாஸ்ல புரட்டினா பத்து நிமிஷத்துல நமத்துப் போகுதே?

கொஞ்சம் நமக்கத்தான் செய்யும். எவ்வளவு தாமதிக்கலாம் என்பதுதான் நம் கையில். சாஸ் கெட்டியாகவும் சூடாகவும் இருக்கட்டும். நீர்த்த சாஸ் தோலுக்குள் இறங்கும், கெட்டியானது மேலே போர்வையாக நிற்கும். விங்ஸை எடுத்ததும் வலைமேலேயே 5 நிமிடம் விடச் சொன்னதற்குக் காரணம், உள்ளிருந்து வரும் ஆவி வெளியேறத்தான். சூட்டோடு கிண்ணத்தில் குவித்தால் அடியில் இருப்பது வியர்த்துவிடும். மூடி போட்ட ஹாட் பாக்ஸில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

மழை நாளில் நான் பாதியை மட்டும் புரட்டுவேன், மீதியைக் காய்ந்தபடியே வைத்து, சாஸைத் தனிக் கிண்ணத்தில் தருவேன். மெதுவாகப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு இதுவே நல்லது.

20 பேர் வர்றாங்க. முன்னாடியே சுட்டு வைக்கலாமா?

தாராளமாக. காலையில் 220 டிகிரிக் கட்டத்தில் 30 நிமிடத்தோடு நிறுத்தி, வலைமேல் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். விருந்தினர் வந்ததும் 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். இரண்டாம் தடவை சூடு படும்போது தோல் இன்னும் முறுகலாக வருவதைக் கவனித்திருக்கிறேன். 20 பேருக்கு மற்ற பலகாரங்களோடு என்றால் 4 கிலோ வாங்குங்கள். சாஸை மூன்று நாள் முன்னாலேயே கிண்டலாம், ருசி கூடும். கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜில், காய்ந்த ஸ்பூன் போட்டு எடுத்தால் இரண்டு வாரம் இருக்கும். பூண்டு சேர்ந்தது என்பதால் வெளியே வைக்க வேண்டாம், குளிர் ஊர்தானே என்று நினைக்காதீர்கள்.

பாதி வேகும்போது கரண்ட் போயிடுச்சு. தூக்கிப் போடணுமா?

காற்றும் மழையும் அடித்தால் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே சாதாரணம். 220 டிகிரிக் கட்டத்தில் போயிருந்தால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள், அரை மணிக்குள் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் ஆகியிருந்தால் பயமில்லை, மேலே சொன்ன தோசைக்கல் வழியில் முடித்துவிடலாம். 120 டிகிரிக் கட்டத்தில் போயிருந்தால் காத்திருக்காதீர்கள். அரைச் சூட்டில் கிடக்கும் கோழியில் கிருமி வேகமாகப் பெருகும். உடனே அடுப்பில் சட்டி வைத்து வேகவைத்து, அன்றைக்குச் சாஸோடு கிரேவியாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

எலும்புகிட்ட சிவப்பா இருக்கு. வேகலையா?

இது நியாயமான பயம். பிராய்லர் கோழி இளசு, அதன் எலும்பு முற்றுவதற்கு முன்பே கடைக்கு வருகிறது. எலும்பின் உள்ளிருக்கும் சிவப்பு கசிந்து பக்கத்துச் சதையில் படிவதுண்டு, முக்கியமாக உறைய வைத்த கோழியில். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இறைச்சித் தெர்மாமீட்டரைச் சதையில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி தாண்டினால் பாதுகாப்பு. நம் முறையில் 85-க்கு மேலேயே போயிருக்கும். இறக்கையில் சவ்வு அதிகம், அந்தச் சூட்டில்தான் அது இளகி எலும்பிலிருந்து சதை கழன்று வரும். நாட்டுக்கோழி இறக்கையில் இந்தக் கணக்கு எடுபடாது, சவ்வு இளகும் முன் தோல் காய்ந்து கெட்டியாகிவிடும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஃபலோ விங்ஸ்னு ஹோட்டல்ல போட்டிருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா? எருமைக்கறியா அது?

எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பஃபலோ என்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964-ல் தெரேசா பெல்லிசிமோ என்பவர் செய்ததாகச் சொல்லப்படும் பலகாரம். அது எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டுவது, பழம் கிடையாது. கூடவே செலரித் தண்டு வைப்பார்கள். அது நம் மார்க்கெட்டில் இங்கிலீஷ் காய் விற்கும் கடைகளில் கிடைக்கும். எனக்கென்னவோ இந்த விங்ஸோடு ஊட்டி கேரட்டை நீளமாக வெட்டி வைப்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

குழந்தைங்க காரம் தாங்க மாட்டாங்க. தனியா செய்யணுமா?

மிளகாயை மட்டும் தனியாக அரைத்து வதக்கி வையுங்கள். சாஸ் முடிந்ததும் குழந்தைகளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துவிட்டு, மீதியில் மிளகாய் விழுதைச் சேர்த்து இரண்டு கொதி விடுங்கள்.

எங்க மாமியாருக்குப் பல் இல்லை. எல்லாரும் சாப்பிடும்போது அவங்க மட்டும் பார்த்துட்டு இருப்பாங்க. ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. நாலைந்து தட்டைத் துண்டுகளைக் கூடுதலாகச் சுட்டு, எலும்பு இரண்டையும் திருகி உருவிவிடுங்கள். நன்றாக வெந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். சதையையும் தோலையும் சேர்த்து, கால் கப் சாஸ், கால் கப் வெந்நீர் விட்டு மூடி, சின்னத் தீயில் 10 நிமிடம். சவ்வெல்லாம் கரைந்து, நாக்காலேயே மசிக்கிற பதத்துக்கு வந்துவிடும். சூடாக, ஒரு துண்டு மிருதுவான பன்னோடு, மற்றவர்களுக்குத் தட்டு வைப்பதற்கு முன் அவர்களுக்குக் கொடுங்கள்.